டிக்கியில் டிராயர்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: பம்ப் செட், சொட்டுநீர்க் குழாய் பழுது பார்க்கிற வேலை எனக்கு. பழைய ஸ்கார்பியோ, ஃபோர் வீல் டிரைவ். ஸ்பேனர், வயர், குழாய் ஜாயின்ட் எல்லாம் பின்னால் சாக்கில் உருண்டுகொண்டே வருகிறது, தேடுவதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. வெளிநாட்டு வண்டிகளில் பார்க்கிற இழுப்பு டிராயர் போட ஆசை. ரெடிமேட் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போகும்போது கழற்றி வீட்டில் வைக்கிற மாதிரி நம்ம ஊர் ஆசாரியிடமே செய்துகொள்ள முடியுமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: தாராளமாக முடியும். அந்த ரெடிமேட் டிராயர்கள் ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் ஊரே இல்லாத பாதையில் நாள்கணக்கில் போகிறவர்களுக்காக உருவானவை. நூறு கிலோவுக்கு மேல் தாங்கும் தண்டவாளம், ஸ்டீல் சட்டம், தானாகப் பூட்டும் கைப்பிடி என்று அதற்குத் தகுந்த விலை. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போய் மோட்டார் மாற்றிவிட்டு வருகிறவருக்கு அது எதுவும் வேண்டியதில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிக்கி அகலம் முழுவதற்கும் ஒரே பெட்டியாகச் செய்யாதீர்கள், ஆசாரி அப்படித்தான் ஆரம்பிப்பார். தனித்தனியாக இரண்டு பெட்டி செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு போல்ட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமார் 90 செ.மீ. நீளம், 40 அகலம், 28 உயரம் என்று ஒரு பெட்டி வைத்தால், 12 மி.மீ. பிளைவுட்டில் டிராயரோடு சேர்த்து 17 கிலோ அளவுக்கு வரும், ஒரு ஆள் தூக்கி இறக்கலாம். அதையே 18 மி.மீ.யில் செய்தால் 26 கிலோ ஆகிவிடும், உள்ளே சாமானும் இருந்தால் ஞாயிறு காலையில் கழற்றுகிற எண்ணமே உங்களுக்கு வராது. கழற்றலாம் என்று செய்து கழற்றாமலே கிடக்கிற பெட்டிகள்தான் அதிகம், காரணம் எடை.

இந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் வண்டியை அளந்து பாருங்கள். கடைசி சீட்டை மடக்கிய பிறகு நடுவில் எவ்வளவு கிடைக்கிறது, வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலே உள்ள மேடு) எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது, அதைவிட முக்கியமாகப் பின்கதவின் வாய் எவ்வளவு. வாய் குறுகலாக இருந்து உள்ளே அகலமாக இருந்தால், உள்ளே கச்சிதமாக உட்காரும் பெட்டி வாசலிலேயே நின்றுவிடும். பழைய பிரிட்ஜ் அட்டைப் பெட்டியை வெட்டி ஒரு மாதிரி செய்து உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மரத்தில் கை வையுங்கள்.

பிளைவுட் 8க்கு 4 அடி ஷீட்டாக வரும், கழிவோடு சேர்த்து உங்களுக்கு இரண்டு ஷீட் போதும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளையாகக் கேளுங்கள். ஈரக் குழாயும் சேறு ஒட்டிய செயினும் உள்ளே போகப்போகிறது, சாதாரண பிளை ஒரு மழைக்காலத்திலேயே ஓரம் உப்பிவிடும். விலை சதுர அடிக்கு நூறு ரூபாய்க்கு முன்னே பின்னே இருக்கும். இரண்டு ஷீட்டுக்கு 64 சதுர அடி, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஆசாரி கூலி.

இனி சேனல், அதாவது டிராயர் ஓடுவதற்கு இரண்டு பக்கமும் போடுகிற தண்டவாளம். சமையலறைக்குப் போடுகிற டெலஸ்கோபிக் சேனல் ஒரு ஜோடி 35லிருந்து 45 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அது ஆடாத சுவரில், மெதுவாக இழுக்கும்போது உள்ள கணக்கு. நம் மண் ரோட்டில் தூசு ஏறி உள்ளே உருளும் குண்டு சிக்கும், ஒவ்வொரு பக்கமும் அரை அங்குல இடத்தையும் அது தின்னும். என்னைக் கேட்டால் சேனலே வேண்டாம். பெட்டியின் தரையில் சன்மைக்கா ஒட்டி, டிராயரின் அடியில் இரண்டு நைலான் பட்டை அடித்தால் போதும், 30 கிலோ சாமானோடு வழுக்கிக்கொண்டு வரும், கறகறவென்றால் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடலாம். ஒரே குறை, முழுவதும் வெளியே இழுக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் நிற்கிற மாதிரி பின்னால் ஒரு கட்டை வையுங்கள், இல்லையென்றால் மொத்தமும் சாய்ந்து உங்கள் கால்மேல் விழும்.

டிராயரின் முன்பக்கத்தில் நல்ல தாழ்ப்பாள் அவசியம். வத்தல்மலை ஏற்றத்தில் டிராயரின் எடை முழுக்கப் பின்கதவில் சாயும், தாழ்ப்பாள் இல்லாவிட்டால் மேலே போய்க் கதவைத் திறந்ததும் ஸ்பேனரெல்லாம் ரோட்டில். மரம் மரத்தில் உரசிச் சத்தம் போடாமல் இருக்க இடையில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டலாம்.

சேனலில் மிச்சம் பிடித்த காசைப் பெட்டியைக் கட்டுவதில் போடுங்கள், அங்கே மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், பின்னால் இருக்கிற பொருள் தன் எடையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு விசையோடு முன்னே பாயும். சாமானோடு 60 கிலோ உள்ள பெட்டி என்றால் 1,200 கிலோ, அது வருகிற திசையில்தான் உங்கள் முதுகு இருக்கிறது. அடிக்கடி விபத்து நடக்கிற தொப்பூர் இறக்கத்தில் போகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மரத்தில் வெறும் ஸ்க்ரூ அடித்து வளையம் மாட்டினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். தலையில் வளையம் உள்ள ஐ போல்ட்டைப் பிளைவுட்டின் வழியாக முழுக்க ஊடுருவ விட்டு, உள்பக்கம் பெரிய வாஷரும் நட்டும் போட்டு முறுக்குங்கள். லாரி சாமான் கடையில் கிடைக்கிற, கைப்பிடியை ஆட்டி இறுக்குகிற ராட்செட் பெல்ட்டால், வண்டியோடு வந்த கொக்கிகளிலோ சீட் போல்ட் இருக்கிற இடத்திலோ நான்கு மூலையும் இழுத்துக் கட்டுங்கள். தளர்த்தினால் பெட்டி கைக்கு வந்துவிடும், தரையில் ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம். போடவும் கூடாது, அடியில் டீசல் டேங்க், பிரேக் பைப், வயர் எது எங்கே போகிறது என்று மேலிருந்து தெரியாது.

கேள்வி: மரத்துக்குப் பதிலாகத் தகட்டில் செய்தால் எடை குறையாதா? இங்கே ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் பஞ்சமில்லை.
- வாசகர், ஓசூர்

பதில்: இரும்பில் குறையாது. 1 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, 12 மி.மீ. பிளைவுட்டும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் 1 மி.மீ. தகடு ஓரங்களை மடித்துச் சட்டம் கொடுக்காவிட்டால் தகரம் மாதிரி அதிரும், சட்டம் கொடுத்தால் எடை ஏறும். 2 மி.மீ. அலுமினியம் 5.4 கிலோதான். லேசாக வேண்டும், காசு பரவாயில்லை என்றால் அதற்குப் போங்கள். ஓரங்களை மழுங்க அடிக்கச் சொல்ல மறக்காதீர்கள், கையைக் கிழிக்கும்.

கேள்வி: இப்படிப் பெட்டி வைத்தால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பெல்ட்டால் கட்டி, வேண்டும்போது இறக்குகிற பெட்டி சுமைதான், வண்டியை மாற்றியதாக ஆகாது. கடைசி சீட்டையே நிரந்தரமாகக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டியை போல்ட் போட்டு முடுக்கினால் கதை வேறு. ஆர்.சி.யில் ஏழு பேர் என்று இருந்து வண்டியில் ஐந்து சீட் இருந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றுவது பற்றிய 52ஆவது பிரிவு குறுக்கே வரும். சீட்டை மடக்குங்கள், கழற்றாதீர்கள்.

கேள்வி: மருந்து தெளிக்கிற இன்ஜின், அதற்கு 5 லிட்டர் பெட்ரோல் கேன், ஒரு கூடை மாம்பழம், மூன்றையும் டிராயரில் வைக்கலாமா?
- வாசகி, ஊத்தங்கரை

பதில்: இன்ஜினை டேங்க் காலி செய்துவிட்டு வைக்கலாம். பெட்ரோல் கேன் கூடவே கூடாது. மூடிய டிராயருக்குள் ஆவி தங்கும், வெயிலில் நிறுத்திய வண்டியில் அது விபரீதம். மாம்பழம் காற்றில்லாமல் ஒரே நாளில் வேர்த்துக் கன்றிவிடும், மருந்து வாடையும் பிடிக்கும். கூடையைப் பெட்டியின் மேலே வைத்து, அதற்கும் ஒரு பெல்ட் போடுங்கள்.