சவாரோ கள்ளியைப் படமெடுக்க அனுமதி வாங்க வேண்டுமா?

கேள்வி: டிசம்பரில் குடும்பமாக நான்கு பேர் அமெரிக்காவின் டூசன் நகருக்குப் போகிறோம். சவாரோ தேசியப் பூங்காவில் ராட்சதக் கள்ளிகளைப் படமெடுத்து, நன்றாக வந்தால் விற்கவும் எண்ணம். ஒருவர் அனுமதி வாங்கித் தர 200 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா? சென்ற முறை எடுத்த படங்களில் கள்ளிகள் வெறும் குச்சிகளாகத் தெரிந்தன.

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

2025 ஜனவரியில் சட்டம் மாறிவிட்டது. எட்டுப் பேருக்கு மேல் இல்லாமல், கையில் தூக்கிப்போகும் சாமான்களோடு, பொதுமக்கள் போகிற இடத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் எடுத்தால் அனுமதியும் வேண்டாம், அதற்கான கட்டணமும் வேண்டாம். ட்ரைபாட் கைச்சாமான்தான். படத்தை விற்றாலும் இதே விதிதான். வாசலில் நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். பழைய விதியைச் சொல்லும் பக்கங்கள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. அந்தக் குழப்பத்தில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். சாதாரண மனிதருக்குப் புரியும்படி நாலு வரியில் விதி எழுத எந்த நாட்டு அரசாங்கத்துக்கும் மனசு வருவதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காசு வாங்கிக்கொண்டு உங்களைப் பூங்காவுக்குள் கூட்டிப்போகிற வழிகாட்டிக்கு வியாபார அனுமதி கட்டாயம். அது அவர் தன் பெயரில், தன் செலவில் வாங்க வேண்டியது. கிளம்பும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள். ‘உங்களுக்கும் சேர்த்து வாங்குகிறேன்’ என்று இழுத்தால் ஆளை விட்டுவிடுங்கள். பூங்காக் காவலரான ரேஞ்சர் பாதியில் நிறுத்தினால் கெடுவது உங்கள் பயணம். ‘ட்ரோன் விடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவரையும் நம்பாதீர்கள். தேசியப் பூங்காக்களில் ட்ரோனுக்குத் தடை. மாட்டினால் அபராதம் உங்களுக்குத்தான்.

இனி அந்தக் குச்சி விஷயம். உச்சி வெயிலில் வைட் லென்ஸில் எடுத்திருப்பீர்கள். அது தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும். கிட்டே போய் அண்ணாந்து எடுத்தால் மரம் பின்னால் சாயும். மரம் முழுதாக அடங்கும் அளவுக்குப் பின்வாங்கி, 100 அல்லது 200 மில்லிமீட்டர் டெலி லென்ஸில் எடுங்கள். பின்னால் உள்ள மலை பெரிதாக எழும்பி வரும். பக்கத்தில் ஒருவரை நிற்க வையுங்கள். நாற்பது அடி உயரம் அப்போதுதான் உறைக்கும்.

சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான் உங்களுக்கு உரியவை. டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் தண்டின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். மழை பெய்தால் நீர் குடித்து விரிவதற்காகத்தான் அந்த மடிப்புகள். சூரியன் கள்ளிக்குப் பின்னால் இருந்தால் முட்களெல்லாம் பற்றிக்கொண்டதுபோல ஓரம் ஜொலிக்கும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவுக்கு, குறையுங்கள். பூங்காவின் மேற்குப் பகுதியில் பொழுது சாய்ந்தபின் வண்டிகளுக்கு அனுமதியில்லை, கணக்குப் பண்ணிக் கிளம்புங்கள்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். சவாரோ முதல் எட்டு ஆண்டுகளில் ஒன்றரை அங்குலம்தான் வளரும். புதர் நிழலில் இருக்கும் கன்று காலில் மிதிபடுவதே தெரியாது. முதல் கிளை விட ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். பையில் ஒரு சீப்பு இருக்கட்டும். ‘சோய்யா’ என்ற குட்டைக் கள்ளியின் துண்டு உடையில் ஒட்டினால் கையால் பிடுங்காதீர்கள், விரலில் ஏறிக்கொள்ளும். சீப்பை அடியில் நுழைத்து நெம்பி எறியுங்கள்.