குருமுலும் முதலாளியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியப் பழங்குடிப் பாடகர் குருமுல் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். மெல்போர்னுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பொருள் புரியாமலே அவர் பாட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவரை ‘எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத சுதந்திரக் கலைஞர்’ என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அவருடைய ரெக்கார்டுகளை வெளியிட்ட ஸ்கின்னிஃபிஷ் மியூசிக்கைத் தொடங்கியவர்கள் மார்க் க்ரோஸ், மைக்கேல் ஹோனன் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள். மேடையிலும் பேட்டிகளிலும் அவருக்காகப் பேசியவர் ஹோனன்தான். கெட்ட முதலாளி போய் நல்ல முதலாளி வந்ததற்குப் பெயர் சுதந்திரமா? இன்னொன்று, இன்றைக்கு ஒரு போன் இருந்தால் யாரும் பாட்டை வெளியிட்டுவிடலாம். பழங்குடிக் கலைஞர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே வெளியிடுவதை இனியும் போராட்டம் என்று சொல்லத்தான் வேண்டுமா?

ர.
மெல்போர்ன்

*

அன்புள்ள ர.,

மாட்டிக்கொண்டேன். ‘எந்தக் கம்பெனிக்கும்’ என்று நான் எழுதியது தவறு. பெரிய கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய அவசரம். ஆனால் உங்கள் முதலாளிக் கணக்கிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைச் சொல்ல, குருமுலை விட்டுக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1973. நியூ சவுத் வேல்ஸின் பாதர்ஸ்ட் சிறையில் விக் சிம்ஸ் என்ற கைதி. சிட்னியின் லா பெரூஸ் பகுதியைச் சேர்ந்த பிஜிகல் பழங்குடி இனத்தவர், சிறுவயதிலேயே மேடையேறியவர். உள்ளே இருந்தபடி பாட்டுக் கட்டினார். ஆர்.சி.ஏ. என்ற ரெக்கார்டு கம்பெனி ஒலிப்பதிவுக் கருவிகளைச் சிறைக்கே கொண்டுபோய், சக கைதிகளை வாசிக்கவைத்து, ஒரே மணி நேரத்தில் முழு ஆல்பத்தையும் பதிவுசெய்தது. பிறகு சிறைத்துறை அவரைப் பாடுவதற்கு வெளியே அழைத்துப்போக ஆரம்பித்தது. வணிக வளாகம், சிட்னி ஆப்ரா ஹவுஸ் என்று மேடைகள். எங்கள் சிறை மனிதர்களை எப்படித் திருத்துகிறது பாருங்கள் என்பதற்கு அவர் நடமாடும் விளம்பரம். சிம்ஸுக்கு அது புரிந்தபோது, போதும் என்று நிறுத்திக்கொண்டார். மேடையைவிடச் சிறை அறையே மேல் என்று ஒரு பாடகன் முடிவெடுப்பதை யோசித்துப்பாருங்கள். எனக்கு இந்த வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்தது கேசட். 1980இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ‘காமா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடி ஊடகச் சங்கம் உருவானது. தொடங்கிய மூவரில் ஃப்ரெடா கிளின், ஜான் மக்கும்பா இருவரும் பழங்குடியினர். மூன்றாமவர் ஃபிலிப் பாட்டி வெள்ளைக்காரர் (உங்கள் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்). முதலில் வானொலி நிகழ்ச்சி. பிறகு பாலைவனத்துச் சமூகங்களின் இசைக்குழுக்களைப் பதிவுசெய்து கேசட்டாக விற்றார்கள். சிட்னிக் கம்பெனிக்காரன் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பான். சில நூறு பேர் பேசும் மொழியில் பாட்டு, அடுத்த கடைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் புழுதி ரோடு. ஆனால் காருக்குள் கேசட் ஓடியது. பாட்டு ஊர் ஊராகப் போனது. அதே காலத்தில், 1983இல், பாப்பன்யா என்ற பாலைவன ஊரின் வரும்பி பேண்ட் லுரிச்சா மொழியில் ஒரு ராக் பாட்டை வெளியிட்டது. சிறையிலிருந்து வெளியே வருபவனைப் பற்றிய பாட்டு. பழங்குடி மொழியில் வந்த முதல் ராக் பாட்டு என்று அதைச் சொல்வார்கள். காமாவும் முழுச் சுதந்திரமான இடம் இல்லை, அரசு மானியம் நின்றால் திண்டாட்டம்தான். ஆனால் எந்த மொழியில் பாடுவது என்று அங்கே யாரும் சிட்னியைக் கேட்கவேண்டியிருக்கவில்லை.

கேட்கவேண்டி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ‘ட்ரீட்டி’ (ஒப்பந்தம்) என்ற பாட்டு இருக்கிறது. 1988இல் பரூங்காவில் பிரதமர் பாப் ஹாக் பழங்குடி மக்களோடு ஒப்பந்தம் செய்வோம் என்று வாக்குக் கொடுத்தார். ஒப்பந்தம் வரவில்லை. 1991இல் வடக்கு ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலத்திலிருந்து வந்த யோத்து யிந்தி இசைக்குழு அதைப் பாட்டாக்கியது. பாதி ஆங்கிலம், பாதி அந்த நிலத்துப் பழங்குடியினரான யோல்ங்கு மக்களின் மொழி. ரேடியோக்கள் கண்டுகொள்ளவில்லை. பிறகு மெல்போர்ன் டிஜேக்கள் சிலர் அதை ரீமிக்ஸ் செய்து நடன விடுதிகளுக்கு ஏற்றதாக்கினார்கள். அது ஆஸ்திரேலியத் தரவரிசையில் 11ஆம் இடம்வரை ஏறியது. ரீமிக்ஸில் வெட்டுப்பட்டவை பெரும்பாலும் ஆங்கில வரிகள். அதாவது, வாக்குத் தவறிய அரசியல்வாதியைக் கேள்வி கேட்ட வரிகள். ஆடியவர்களுக்குப் புரிந்திருக்கக்கூடியது போய், புரியாதது மிஞ்சியது. இதில் அழுவதா சிரிப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒரு யோல்ங்கு சிறுவன் தன் மொழியை நாட்டின் எல்லா ரேடியோவிலும் கேட்டான் என்பதும் உண்மைதானே.

இன்னொரு முடிச்சு சட்டத்தில் இருக்கிறது. 1968ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்துக்கு ஒரு படைப்பு என்றால் ஓர் ஆசிரியர் வேண்டும். மனிகாய் என்ற யோல்ங்கு சடங்குப் பாடல்களுக்கு ஆசிரியர் கிடையாது. அவை குலத்தின் சொத்து. யார் பாடலாம் என்பதை உறவுமுறை தீர்மானிக்கிறது. ஒரு தனி ஆள் கையெழுத்துப் போட்டு அதைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க முடியுமா? 1998இல் ஓர் ஓவிய வழக்கில் இந்தக் கேள்வி ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது. ஜானி புலுன் புலுன் வரைந்த புனித நீர்நிலையைத் துணியில் அச்சடித்துவிட்டார்கள். ஓவியருக்குத் தன் குலத்தின் மீது பொறுப்பு உண்டு, ஆனால் காப்புரிமை குலத்துக்குச் சேராது என்றார் நீதிபதி. சொந்த லேபிள் (ரெக்கார்டு வெளியிடும் கம்பெனி) தொடங்கினாலும் இந்தச் சட்டத்துக்குள்தான் தொடங்கவேண்டும். போனில் பாட்டை ஏற்றலாம் என்றீர்கள். ஏற்றும்போது ‘உரிமையாளர் பெயர்’ என்று ஒரு கட்டம் வரும். அங்கே என்ன எழுதுவது? உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இவ்வளவுதான் பதில்.

முழுக்கத் தம் கையில் வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஷெப்பர்டனைச் சேர்ந்த யோர்ட்டா யோர்ட்டா இனத்து ராப் பாடகர் பிரிக்ஸ் 2015இல் பேட் ஆப்பிள்ஸ் லேபிளைத் தொடங்கினார். அடுத்த வருடம் அவரும் ட்ரையல்ஸ் என்ற இன்னொரு ராப் பாடகரும் ஏ.பி. ஒரிஜினல் என்ற பெயரில், ஜனவரி 26ஐக் கொண்டாட மாட்டோம் என்று பாடினார்கள். 1788இல் சிட்னியில் பிரிட்டிஷ் குடியேற்றம் தொடங்கியதற்கான கொண்டாட்டம் அது. அப்போதெல்லாம் ட்ரிபிள் ஜே வானொலி தன் வருடாந்தரப் பாடல் வரிசையை அதே நாளில்தான் ஒலிபரப்பும். இந்தப் பாட்டு அந்த வரிசையிலேயே 16ஆம் இடம் பிடித்தது. 2018இல் வானொலி நாளை மாற்றிக்கொண்டது.

சரி, குருமுல். இறந்தவர் பெயரை அவர்கள் மக்கள் வழக்கமாகச் சொல்வதில்லை. குடும்பம் அனுமதி தந்திருப்பதால் எழுதுகிறேன். ஆர்ன்ஹெம் நிலத்தை ஒட்டிய எல்கோ தீவுக்காரர், யோல்ங்கு இனத்தவர், பிறவியிலேயே பார்வையில்லாதவர், கூச்சக்காரர். பேட்டிகளில் அவருக்காக ஹோனன் பேசியது எனக்கும் நெருடல்தான். ஆனால் அந்த மௌனத்தைக் கம்பெனி விதித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு ஆங்கிலத்தில் தன்னை விளக்கிக்கொள்ள விருப்பமில்லை, விளக்காமலே இருந்தார். ஹோனனும் அவரும் ஒருவரையொருவர் ‘வாவா’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். சகோதரன் என்று பொருள். தமிழ்க் காதுக்கு வேறு மாதிரி கேட்கும். முதலாளியைச் சகோதரன் என்று கூப்பிடுவதில் ஒன்றுமில்லை, நம் ஊர் மில்களிலும் முதலாளி ‘அண்ணாச்சி’தான் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோல்ங்கு உறவுமுறையில் பெயரோடு கடமையும் வந்து சேரும், வெள்ளைக்காரருக்கும்தான்.

2008இல் வந்த முதல் தனி ஆல்பம் பெரும் வெற்றி. ஓர் அமெரிக்கப் பயணம் ஏற்பாடானது. புறப்படும் நாளில் குருமுல் விமானம் ஏறவில்லை. ஊரிலேயே இருந்துவிட்டார். அவரைப் பற்றிய ஆவணப்படத்திலேயே இது வருகிறது. ஒரு பெரிய கம்பெனியாக இருந்திருந்தால் வக்கீல் நோட்டீஸ் தீவுக்குப் போயிருக்கும். ஹோனனுக்கும் கோபம் வராமல் இருந்திருக்காது. ஆனால் அடுத்த ரெக்கார்டும் ஸ்கின்னிஃபிஷ்ஷில்தான் வந்தது, அதற்கடுத்ததும். கடைசி ஆல்பத்துக்கு நான்கு வருடம் எடுத்துக்கொண்டார்கள். முழுக்கக் குலத்துப் பாடல்கள், கூடவே ஆர்கெஸ்ட்ரா. 2017 ஜூலையில் அவர் இறந்தார். 2018இல் அது வெளியாகி ஆஸ்திரேலியத் தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. பழங்குடி மொழியில் பாடப்பட்ட ஆல்பம் அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

‘சுதந்திரக் கலைஞர்’ என்ற சொல்லைக் கட்டுரையில் அப்படியே விட்டுவைக்கிறேன். ‘எந்தக் கம்பெனிக்கும்’ என்பதை எடுத்துவிட்டேன்.