திருவான்மியூர் கடலில் ஸ்நார்கெலிங் பழகலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. நீச்சல் ஓரளவுக்குத் தெரியும். கோடை விடுமுறையில் என் 12 வயது மகளுடன் ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு, குப்புற மிதந்தபடி நீருக்குள் பார்ப்பது) செய்ய ஆசை. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் இரண்டை இணையத்தில் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு அருகில் இருப்பதால் திருவான்மியூர் கடலிலேயே முதலில் பழகிப் பார்க்கலாமா? பிறகு எங்கே போவது நல்லது?

பதில்: திருவான்மியூரில் வேண்டாம், சென்னையின் எந்தக் கடற்கரையிலும் வேண்டாம். நம் கரை வங்காள விரிகுடாவுக்கு நேர் முகமாகத் திறந்து கிடக்கிறது. அலையை மட்டுப்படுத்தத் தீவோ பாறைத்திட்டோ இல்லாததால், அது கரையிலேயே வந்து உடைகிறது. உடையும் அலை மணலைக் கிளப்பிக் கலக்குவதால், நீருக்குள் முகத்தை வைத்தால் உங்கள் கையே மங்கலாகத்தான் தெரியும். அலை கொண்டுவந்து குவித்த நீர் ஓரிடத்தில் வழி பிடித்துக் கடலை நோக்கித் திரும்பும்போது, நன்றாக நீந்துபவரையும் சேர்த்து இழுத்துச் சென்றுவிடும். குனிந்த தலையுடன் மிதப்பவருக்கு அந்த இழுப்பு தெரிவதே தாமதமாகத்தான்.

முதலில் பழக வேண்டியது கடல் அல்ல, மூச்சு. வாயால் மட்டும் மூச்சு விடுவது எளிதென்று தோன்றும். ஆனால் முகம் நீரில் பட்டவுடன் மூக்கு தன் பழைய வேலையைத் தொடங்கப் பார்க்கும், நெஞ்சு படபடக்கும். நன்றாக நீந்துபவர்களுக்கும் இது நேர்வதுண்டு. எனவே வேளச்சேரியிலோ உங்கள் குடியிருப்பிலோ உள்ள நீச்சல் குளத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, இடுப்பளவு ஆழத்தில் விளிம்பைப் பிடித்தபடி முகத்தை மட்டும் நீரில் வைத்து ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சு விட்டுப் பழகுங்கள். அது அலுப்புத் தட்டும் அளவுக்கு இயல்பான பிறகு, வேண்டுமென்றே குழாய்க்குள் சிறிது நீரை விட்டு, 'தூ' என்று ஒரே மூச்சில் பலமாக ஊதி வெளியேற்றுங்கள். ஊதுவதற்கு நெஞ்சில் காற்று மிச்சம் இருக்க வேண்டும் என்பதை இரண்டாவது முறை நீங்களே கண்டுகொள்வீர்கள். மாஸ்க்கில் நீர் புகுந்தால், அதன் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் நீர் கீழ்வழியாக வெளியேறிவிடும்.

நீங்கள் வாங்கியுள்ள மாஸ்க்கைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: முடிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதன் வால்வு சரியாக வேலை செய்யாவிட்டால், நாம் வெளிவிட்ட காற்றையே மறுபடி உள்ளிழுக்க நேரும். பதற்றத்தில் ஒரே இழுப்பில் கழற்றுவதும் கடினம். கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடும் மாஸ்க்கும் தனிக் குழாயுமே புதியவருக்கு ஏற்றவை. கடையில் பட்டையைத் தலையில் மாட்டாமல், மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். அது விழாமல் ஒட்டி நின்றால் உங்கள் அளவு. மகளுக்குச் சிறுவர் அளவில் தனியாக வாங்க வேண்டும். மீசை இருந்தால் நீர் கசியும். கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம், மீசையை எடுக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. குழாய் நீளமாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம்: நீளக் குழாயில் பழைய காற்று தங்கிவிடும்.

இடத்தைக் காற்றை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். ஓரிரவு ரயில் பயணத்தில் உள்ள இராமேசுவரத்தில் வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருக்கின்றன. வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். தென்மேற்குப் பருவக் காற்று தொடங்கியதும் இது தலைகீழாகிவிடும். மே மாதத்தில் போவதானால் வடகடல் பக்கமே பாருங்கள். அன்றைய நிலையை அங்குள்ள மீனவரிடம் கேளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை என்பதால், வனத்துறை அனுமதியின்றி அவற்றின் அருகே இறங்கக் கூடாது. பவளத்திட்டும் வண்ண மீன்களும்தான் வேண்டும், செலவு பொருட்டல்ல என்றால் அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகள் உண்டு. மழை தொடங்கும் முன் ஏப்ரலுக்குள் போய்விடுங்கள். நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் வற்றம் வந்தால் பவளம் வயிற்றில் உரசும் அளவுக்கு நீர் குறைந்துவிடும். ஏற்றம் இருக்கும் நேரத்தைக் கேட்டு இறங்குங்கள்.

இறங்கும்போது இருவரும் லைஃப் ஜாக்கெட் அணியுங்கள், கூடவே முழுக்கைச் சட்டையும். குனிந்து மிதக்கையில் முதுகு வெந்துபோவது மாலையில்தான் தெரியும். மணலில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால், புதைந்திருக்கும் திருக்கை விலகிவிடும். பவளம் உயிருள்ளது, கூர்மையானதும்கூட. அதன்மேல் நிற்க வேண்டாம். நீருக்குள் எல்லாம் அருகிலும் பெரிதாகவும் தெரியும் என்பதால், மகள் பக்கத்தில் இருப்பதாகக் கண்ணை நம்பிவிடாமல், கையை நீட்டினால் தொடும் தூரத்திலேயே அவளை வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவோ இதய நோயோ உங்களில் யாருக்கேனும் இருந்தால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.