வாசலில் தொங்கும் பனர்

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்பனியின் ரெப் கழிவு விற்பனைப் பனர் ஒன்றைத் தந்தார். வாசலில் கட்டிவிட்டேன். ‘மே 18உடன் எல்லாம் முடிகிறது! ஓடி வாருங்கள்!’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வழக்கமாகச் சாமான் வாங்கும் ஒரு அம்மா அதை வாசித்துவிட்டுப் படியேறாமலே திரும்பிப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழற்றினால் ரெப் கோபித்துக்கொண்டு கடனுக்குச் சாமான் தராமல் விடுவாரோ என்று பயம். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் எழுந்துபோய்ப் பனரைக் கழற்றுங்கள். மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம். உங்கள் வாசலில் எது தொங்க வேண்டும் என்பதற்கு ரெப்பின் அனுமதி தேவையில்லை.

‘ஓடி வாருங்கள்’ என்பதை அந்த அம்மா எப்படி வாசித்திருப்பார்? 2009 மே 18இல் முடிந்த போரின்போது கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஓடி ஓடி முள்ளிவாய்க்காலில் போய் நின்ற சனம் இது. மே 18 என்றால் அவருக்கு ஒரு முகம் நினைவில் வரும், அல்லது பல முகங்கள். மே 12இலிருந்து 18வரை அந்த நாட்களின் நினைவாகச் சந்திகளில் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். சிரட்டையில் வாங்கிக் குடிக்கும்போது சிலர் பேசுவதே இல்லை. அந்தக் கிழமையில், அந்தத் திகதியைப் போட்டு, ‘எல்லாம் முடிகிறது’ என்றால் யாரால் படியேற முடியும்?

கம்பனிக்காரர் வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. வெசாக் பெரும்பாலும் மே மாதத்தில் வருவதால் அந்த மாதம் கழிவு போடுவது வழக்கம். கொழும்பில் யாரோ ஒரு திகதியைக் குறித்து, வேறு மொழியில் எழுதி, தமிழாக்கி அனுப்பியிருப்பார்கள். இந்த ஊர் ஆள் ஒருவரிடம் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். காட்டவில்லை. அது அவர்கள் பிழைதான். இங்கே பொருள் விற்க வருபவர்களுக்கு இந்த ஊரின் துக்கநாள் தெரிந்திருக்க வேண்டும்.

ரெப்போடு சண்டை வேண்டாம். அவரும் மேலிடம் தந்ததைக் கொண்டு வந்தவர். பனரின் படத்தை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி இப்படி எழுதுங்கள்: ‘தம்பி, இந்தத் திகதி எங்கள் துக்கநாள். சனம் கடைக்குள் வராமல் திரும்பிப் போகிறது. திகதியையும் வசனத்தையும் மாற்றித் தாருங்கள், நானே கட்டுகிறேன். இதை ஏரியா மனேஜருக்கும் காட்டுங்கள்.’ ஆள் திரும்பிப் போகிறது என்ற விஷயம் கம்பனிக்கு நன்றாக விளங்கும். 2017இல் பெப்சி, ஊர்வலப் போராட்டத்தைக் குளிர்பான விளம்பரமாக்கி எதிர்ப்பு வந்ததும் அடுத்த நாளே அதை நிறுத்தி மன்னிப்புக் கேட்டது. அவ்வளவு பெரிய கம்பனியே இறங்கி வந்திருக்கிறது. ஒழுங்காகக் கடன் கட்டும் கடையை இதற்காக விடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியே விட்டாலும், பக்கத்துக் கடைக்காரர்களிடமும் சொல்லி எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.

அந்த அம்மா கடைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போங்கள். ரெப் தந்தது, கம்பனி எழுதியது என்றெல்லாம் சொல்ல வேண்டாம். ‘வாசிக்காமல் கட்டிப்போட்டேன் அம்மா, கழற்றிவிட்டேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். இருக்கச் சொன்னால் இருந்து, அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.