ஓட்டுப் போட்ட பிறகும் பிரெக்ஸிட் சண்டை ஏன் ஓயவில்லை?

2016 ஜூனிலேயே மக்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள், பிறகு பிரிட்டன் வெளியேற 2020 ஜனவரி 31 வரை ஏன் ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாக்குச்சீட்டில் இருந்தது இரண்டே கட்டம்: ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா. எப்படி வெளியேறுவது என்று யாரும் கேட்கவில்லை. வித்தியாசமும் கொஞ்சம்தான், 51.9-க்கு 48.1 சதவீதம். ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் நீடிக்கவே வாக்களித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

சரி, பெரிய முடிச்சு அயர்லாந்து எல்லை: வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது, தெற்கே இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள தனி நாடு. வட அயர்லாந்து வன்முறைக்கு முடிவு கட்டிய 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே ராணுவச் சாவடிகள் போய்விட்டன. வடக்கில் கறந்த பால் லாரியில் தெற்கே போய்ப் பதப்படுத்தப்படுகிறது, வழியில் யாரும் மறிப்பதில்லை. உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி இல்லாமல் சரக்கு போய்வரும் சுங்க ஒன்றியத்தைப் பிரிட்டன் விட்டால் அந்த லாரியை எங்கே சோதிப்பது? எல்லையில் என்றால் பழைய வன்முறை திரும்புமோ என்ற பயம். பிரிட்டனின் மற்ற பகுதிகளிலிருந்து சரக்கு வந்திறங்கும் வட அயர்லாந்துத் துறைமுகத்தில் என்றால், பிரிட்டனிலிருந்தே தங்களைப் பிரிக்கிறார்கள் என்று யூனியனிஸ்டுகள் (வட அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்பவர்கள்) கொதித்தார்கள். பெரும்பாலும் இதில் சிக்கித்தான் அப்போதைய பிரதமர் தெரசா மேயின் வெளியேறும் ஒப்பந்தம் 2019-இல் மூன்று முறை நாடாளுமன்றத்தில் தோற்றது. முதல் தடவை 230 வாக்கு வித்தியாசத்தில். அப்புறம் வந்த போரிஸ் ஜான்சன் சோதனையைத் துறைமுகப் பக்கம் தள்ளித்தான் காரியத்தை முடித்தார்.