உட்கருத் துளைக்கு யார் காவல்?

கேள்வி: செல்லின் உட்கரு உறையில் ஆயிரக்கணக்கான துளைகள் இருப்பதாகப் படித்தேன். துளை திறந்தே கிடந்தால் வேண்டாததும் உள்ளே போய்விடாதா?

பதில்: பாடப்புத்தகப் படத்தில் வெறும் ஓட்டை மாதிரி வரைந்திருப்பார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் செல்களில் ஒவ்வொரு துளையும் 30 வகைக்கு மேற்பட்ட புரதங்கள், மொத்தமாக எண்ணினால் 1000 வாக்கில், எட்டுப் பக்கமும் ஒரே அமைப்பில் சேர்ந்து கட்டிய பெரிய வளையம். அதில் சில புரதங்களின் நுனிகள் எந்த நிலையான உருவமும் இல்லாமல் நூல்நூலாக வளையத்தின் நடுவில் அலைந்துகொண்டிருக்கும். அந்த நூல்கள்தான் காவல். தண்ணீர், அயனிகள், ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) போன்ற சின்னவை நூல் இடுக்கில் தாமாகவே புகுந்து போய்விடும். எடை கூடக்கூட அது கடினமாகிறது, சுமார் 40 கிலோடால்டனை (மூலக்கூறு எடையின் அலகு) தாண்டிய புரதம் தனியாக நுழைவது பெரும்பாடு.

சரி, பெரிய புரதம் எப்படித்தான் போகிறது? அதன் உடம்பிலேயே ஒரு சிறிய அடையாளம் இருக்கும். எஸ்வி40 வைரஸின் ஒரு புரதத்தில் அது ஏழே அமினோ அமிலங்கள்: புரோலின், மூன்று லைசின், அர்ஜினின், லைசின், வேலின். அதில் ஒரே ஒரு லைசினை மாற்றிப் பார்த்தார்கள், 1984-ல், அவ்வளவு பெரிய புரதம் உட்கருவுக்குள் போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டது! இந்த அடையாளத்தைப் பிடித்துக்கொள்வது இம்போர்ட்டின் என்ற சுமைதூக்கிப் புரதம். அந்த நூல்களில் ஃபினைலாலனின் என்ற அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வரும், இம்போர்ட்டின் அதை லேசாகத் தொட்டு, விட்டு, அடுத்ததைத் தொட்டு, சில மில்லிவினாடிகளில் மறுபக்கம் போய்விடுகிறது. லேசாக என்பதுதான் முக்கியம், இறுகப் பிடித்தால் நடுவழியிலேயே மாட்டிக்கொள்ளும்.

இந்தக் கடத்தலுக்குத் துளை எந்த ஆற்றலையும் செலவழிப்பதில்லை, இம்போர்ட்டினும் முன்னும் பின்னுமாகத்தான் அலைகிறது. திசையைத் தீர்மானிப்பது ரான் என்ற குட்டிப் புரதம். உட்கருவுக்குள் அது ஜிடிபி என்ற, ஏடிபி மாதிரியான ஆற்றல் மூலக்கூறோடு சேர்ந்திருக்கும், வந்த இம்போர்ட்டினைப் பற்றிச் சுமையை இறக்கவைக்கும். அப்புறம் இரண்டும் சேர்ந்து வெளியே வந்ததும் ஜிடிபி உடைந்து இம்போர்ட்டின் அடுத்த சுமைக்குத் தயாராகிவிடும். ஆற்றல் செலவாவது இங்கேதான். புரதம் செய்வதற்கான செய்தியை உட்கருவிலிருந்து எடுத்துப்போகும் எம்ஆர்என்ஏ வெளியேறுவதற்குப் பெரும்பாலும் வேறு புரதங்கள், வேறு வழிமுறை.

வேண்டாதது போகாதா என்றால், போகும். எச்ஐவி வைரஸின் மரபுப்பொருளை மூடியிருக்கும் புரதக் கூடு சுமார் 60 நானோமீட்டர் அகலம், அதையும் துளை விடுகிறது. காரணம், கூட்டின் மேற்பரப்பெங்கும் உள்ள சிறு குழிகள் அதே ஃபினைலாலனினைப் பிடிக்கின்றன, அதனால் நூல்களுக்கு அது இன்னொரு இம்போர்ட்டின்.