மொத்தம் 6.5 வந்தால் போதுமா?

சோமனூர் பக்கம் தறி ஓட்டும் ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் இன்ஜினியரிங் கடைசி வருடம். பத்தாவது வரை தமிழ் வழி. அடுத்து இங்கிலாந்தில் மேற்படிப்பு படிக்க ஆசைப்படுகிறாள். அதற்குக் கேட்கும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் பயிற்சிக்கு காந்திபுரத்தில் ஒரு மையம் 'ஏழு பேண்ட் உறுதி' (பேண்ட் என்பது அந்தத் தேர்வின் மதிப்பெண்) என்று சொல்லி முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்கிறது. கட்டலாமா?

இப்போதைக்குக் கட்ட வேண்டாங்க. உங்கள் மகள் எதில் பின்தங்கியிருக்கிறாள் என்று அந்த மையத்துக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அது தெரியாமல் யாரும் எதையும் உறுதி சொல்ல முடியாது.

முதலில் அவள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், அந்தப் படிப்புக்கு என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் பல இடங்களில் 'மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6.0-க்குக் குறையக் கூடாது' என்று இருக்கும். நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது பாதியில்தான். கேட்டலில் 7, வாசிப்பில் 7, பேச்சில் 6.5, எழுத்தில் 5.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி நான்கால் வகுத்தால் சரியாக 6.5. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் எழுத்தில் 5.5 இருப்பதால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வெளிநாட்டுப் படிப்புக்கு எழுத வேண்டியது அகாடமிக் தேர்வு. ஜெனரல் ட்ரெயினிங் என்று இன்னொன்று உண்டு, பதிவு செய்யும்போது மாறிவிடக் கூடாது.

அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முழு மாதிரித் தேர்வு ஒன்றை எழுதச் சொல்லுங்கள். தேர்வு நடத்துபவர்களின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கேட்டலுக்கு 30 நிமிடம், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். வாசிப்புக்கு 60, எழுத்துக்கு 60. இடையில் போன், காபி எதுவும் வேண்டாம். கேட்டலிலும் வாசிப்பிலும் நாற்பது நாற்பது கேள்விகள். ஏறக்குறைய 23 சரியானால் பேண்ட் 6, 30 சரியானால் 7. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடக் கூடாது.

தமிழ் வழியில் படித்தவள் என்று கவலைப்படுகிறீர்கள். நான் பார்க்கும் பிள்ளைகளில் கான்வென்ட்டில் படித்தவர்களும் எழுத்தில்தான் மாட்டுகிறார்கள். ஆங்கிலம் தெரியாததால் அல்ல. கேட்டதை விட்டுவிட்டு வேறு எதையோ எழுதுவதால். முதல் கேள்வியில் ஒரு வரைபடம் கொடுத்து 150 சொல்லாவது எழுதச் சொல்வார்கள். நூல் விலை பற்றிய படம் வந்தால், எங்கே தொடங்கியது, எப்போது உச்சத்துக்குப் போனது, மொத்தத்தில் ஏறுமுகமா இறங்குமுகமா என்று எழுதினால் போதும். விலை ஏன் ஏறியது என்பது தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அதை அங்கே எழுதக் கூடாது. படத்தில் இல்லாததற்கு மதிப்பெண் இல்லை. இரண்டாவது கேள்வி 250 சொல் கட்டுரை. அதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. சொந்தக் கருத்தும் நம் ஊர் உதாரணமும் அங்கேதான் வர வேண்டும். முதலாவதுக்கு 20 நிமிடத்துக்கு மேல் போகவே கூடாது. கணினியில் எழுதுவதென்றால் தட்டச்சு வேகமும் வேண்டும், இன்றிலிருந்தே பழகட்டும்.

வாசிப்பில் 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' (சரி, தவறு, பத்தியில் சொல்லவில்லை) கேள்விகளிலும் இதே சிக்கல்தான். ஈரோட்டில் மஞ்சள் ஏலம் நடக்கிறது என்று மட்டும் பத்தியில் இருக்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு உண்டு என்று கேள்வியில் வருகிறது என்றால் விடை 'நாட் கிவன்'. அது உண்மை என்று நமக்குத் தெரிந்திருந்தாலும் சரி.

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், நேருக்கு நேர் ஒரு தேர்வாளரோடு. நம் ஊர் உச்சரிப்பு இருந்தால் மதிப்பெண் போகும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். சொல்வது தெளிவாகப் புரிய வேண்டும், அவ்வளவுதான். மனப்பாடம் செய்து ஒப்பித்தால்தான் மதிப்பெண் போகும். நடுவில் ஒரு தலைப்பு கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். உங்கள் பகுதியில் செய்யும் ஒரு பொருளைப் பற்றிப் பேசு என்று வந்தால், பார்க்காத ஊரின் பொருளைத் தேட வேண்டாம். பவானி ஜமுக்காளம் போதும். என்ன நிறக் கோடுகள், யார் நெய்கிறார்கள், வீட்டில் எந்த விசேஷத்துக்கு விரிப்போம், இப்போது ஏன் குறைந்துவிட்டது என்று எளிய ஆங்கிலத்திலேயே இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிடலாம்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் புரிய வேண்டியதில்லை. எங்கே தயங்கி நிற்கிறாள் என்பது உங்களுக்கே கேட்கும். மறுநாள் அவளே அதைப் போட்டுக் கேட்கட்டும்.

மாதிரித் தேர்வில் எழுத்து மட்டும் குறைந்தால், எழுத்தை மட்டும் வாரம் இரண்டு முறை திருத்திக் கொடுக்க ஒரு நல்ல ஆசிரியரைப் பிடியுங்கள். முழுப் பயிற்சிக்குக் கட்டும் பணத்தைவிட இது குறைவாகவே ஆகும், பலனும் அதிகம். நான்கிலும் குறைந்தால் மையத்தில் சேர்க்கலாம். ஆனால் வகுப்பில் எத்தனை பேர், கட்டுரையை யார் திருத்துகிறார்கள் என்று கேட்டுவிட்டு, பணத்தைத் தவணையில் கட்டுங்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே தயாராக மூன்று மாதமாவது கொடுங்கள். தேர்வைக் கோவையிலேயே எழுதலாம். முடிவு இரண்டு வருடம் செல்லும், அதனால் விண்ணப்பத்துக்கு ரொம்ப முன்னாலும் எழுத வேண்டாம். ஒரு பிரிவில் மட்டும் குறைந்தால், கணினியில் எழுதியவர்கள் அதை மட்டும் திரும்ப எழுத வழி இருக்கிறது. அந்த மதிப்பெண்ணை ஏற்பார்களா என்று பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு அடையாள ஆவணம் பாஸ்போர்ட்தான். மகளுக்கு இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். இன்ஷியலா, அதை விரித்த அப்பா பெயரா என்று பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துகளில்தான் தேர்வுக்கும் பதிவு செய்ய வேண்டும்.